அங்குல மரை

தீவிலிருந்து
செப்டம்பர் 8, 1991

பீஷான்,

உன் அண்ணன் லியாங் உயிரோடுதான் இருக்கிறேன். முதலில் இதை அம்மாவிடம் கத்திச் சொல்லிவிட்டு வந்து மேலே படி. கப்பலில் வழிநெடுக வாந்தி எடுத்ததை மட்டும் சொல்லாதே. தீவின் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதினாலும் ஒன்றும் பெரிதாக இல்லை. பாறை, காற்று, கடல், மறுபடியும் பாறை.

ஒரு நல்ல செய்தி. என்னைக் காவலுக்குப் போடவில்லை. எங்கள் ராணுவப் பிரிவின் பழுதுபார்க்கும் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். இங்கே இரும்பு கடையும் லேத் ஒன்று இருக்கிறது, அப்பா பட்டறையின் பழைய ஜப்பான் லேத்தோடு கூடப் பிறந்தது போல. பட்டறைத் தலைமை சார்ஜன்ட் குவாங்குக்கு என்மேல் ரொம்ப நம்பிக்கை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இந்த வருடம் இடைநிலைப் பட்டறைப் பாடம் என்று பீற்றிக்கொண்டாயே, என்னதான் கற்றிருக்கிறாய் என்று சோதிக்கப்போகிறேன். கம்பியில் திருகுமரை வெட்டும் டூலை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும்? லேத்தை எப்படித் தயார் செய்ய வேண்டும்? ஒரு தடவை வெட்டி முடித்ததும் என்ன செய்ய வேண்டும், அதற்கு அடுத்து என்ன? எதையும் விட்டுவிடாதே. ஒன்றும் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல், படம் போட்டு எழுது. சீக்கிரம் எழுது. மதிப்பெண் நான் போடுகிறேன்.

லியாங்


ஷென்காங்
செப்டம்பர் 20

பரீட்சை அதிகாரி அவர்களுக்கு,

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் மீன் உருண்டை சூப் ஆறி அவலாகிவிட்டது. நீ என்னைச் சோதிக்கிறாயா? வணிகக் கல்லூரியில் வரவு செலவு படித்தவன் நீ. சின்ன வயதில், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டாய். அது பறந்து போய் ஆ-ஹாய் மாமாவின் தேநீர்க் குடுவையை உடைத்தது. அதோடு லேத்துக்கும் உனக்கும் உறவு முடிந்தது. அப்பாவிடம் இத்தனை வருடம் வேலை பார்க்கும் அந்த மனுஷன் இன்றைக்கும் உன்னைக் கண்டால் குடுவையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். நீ எனக்கு மதிப்பெண் போடுகிறாயாம்!

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டில் அப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "லியாங் ரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு வந்துடுவான், லேத் அவனுக்கு. பீஷான் படிப்ப முடிச்சிட்டு மேசைல உக்காந்து கணக்கு பாக்கட்டும், கல்யாணம் ஆகற வரைக்கும்." கணக்குப் படித்தவன் லேத்துக்கு, லேத் படிக்கிறவள் கணக்குக்கு. என்ன அழகான ஏற்பாடு! நீ ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம். வாய் நிறைய நூடுல்ஸை வைத்துக்கொண்டு, "ஆமாப்பா, அவளுக்கு கை அழுக்காகாத வேலதான் சரி" என்றாய்.

என் கை அழுக்குதான் அண்ணா. நகத்துக்கு அடியில் உள்ள எண்ணெய்க் கறுப்பு எந்த சோப்புக்கும் மசியவில்லை. போன வாரம் எங்கள் கே வாத்தியார் ஓர் உருளையைக் கடைந்து, அடி மூடிய குழல் ஒன்றைக் கடைந்து, உருளையை அதன் வாயில் வைத்து விரலை எடுத்தார். தொப்பென்று விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல், உருளை மெள்ள மெள்ள இறங்கியது. வகுப்பில் நாற்பது பையன்களும் நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மனிதக் கை இரும்பை இவ்வளவு தூரம் பேச்சுக் கேட்க வைக்குமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியார் மூக்கைச் சொறிந்துகொண்டு, "அடுத்த மாசம் இத நீங்க செய்யணும்" என்றார்.

ஜனவரியில் லேத் வேலைக்கான அரசின் இரண்டாம் நிலைத் தேர்வு எழுதப்போகிறேன். கல்லூரி முடிந்ததும் எனக்கு வேண்டியது நம் பட்டறை லேத், மேசை இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்வது வீண் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

பீஷான்


தீவிலிருந்து
அக்டோபர் 3

பீஷான் கண்ணு,

இந்தக் கடிதத்தை விடுப்பில் ஊருக்குப் போகிற ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். உள்ளே வரும் கடிதங்களைப் பிரிப்பதில்லை, ஆனால் நாங்கள் தபாலில் போடுவதை எங்கள் அதிகாரி பிரித்துப் படிப்பார். அதனால்தான் போன தடவை வாத்தியார் வேஷம். திட்டாதே. திட்டினாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

வந்து இறங்கியதும் எங்களை மலை விளிம்பில் காவல் பொந்துகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்றை நீ பார்த்ததில்லை, ஆளையே தூக்கிக் கடலில் போட்டுவிடும். அப்போது சார்ஜன்ட் குவாங் வந்து, "லேத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா?" என்று கேட்டார். என் கை என்னைக் கேட்காமல் மேலே போய்விட்டது.

"அப்பா பட்டறை வெச்சிருக்காருங்க, ஷென்காங்ல."

"நீ ஓட்டுவியாடா?"

"நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே ஓட்டினேன் சார்."

ஒரு மாதம் எண்ணெய் போட்டு, துடைத்து, சுத்தியலால் எதையாவது தட்டிக்கொண்டே சமாளித்தேன். இப்போது விதி வந்து நிற்கிறது. கீழே நீர்த்தேக்கத்திலிருந்து முகாமுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நான் வந்தபோதே ஆட்டம் கண்டிருந்தது (அதனால்தான் முதல் கடிதத்திலேயே மரை பற்றிக் கேட்டேன்), இப்போது நின்றேவிட்டது. அதில் சுழலும் ஷாஃப்ட் தண்டின் முனையில் மரை தேய்ந்து, நட்டு பிடிக்கவில்லை. புது ஷாஃப்ட் கடைந்து, பழைய நட்டு அதில் ஏறும்படி மரை போட வேண்டும். சார்ஜன்ட் மூன்று இரும்புக் கம்பிகளைக் கொடுத்து, "உனக்கு ஒண்ணே போதும், இருந்தாலும் வெச்சுக்கோ" என்றார். நான் சிரித்தேன் பார், எனக்கே பாவமாக இருந்தது.

கம்பியைப் பழைய அளவுக்கு உருட்டிக் கடைந்துவிட்டேன், அதற்கு சாமர்த்தியம் வேண்டியதில்லை. மரையில்தான் மண்ணைக் கவ்வினேன். ஒரு தடவை வெட்டினேன், டூலைத் தாங்கும் வண்டியைப் பின்னால் இழுத்தேன், மறுபடி வெட்டினேன். இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் மேல் விழாமல் குறுக்கே விழுந்தது. மூன்றாவது வேறெங்கோ. எலி கடித்த கரும்பு மாதிரி ஆகிவிட்டது. வேறு ஏதோ கழிவு என்று சொல்லி மண்ணில் புதைத்துவிட்டேன். இன்னும் இரண்டு கம்பி இருக்கிறது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று கடலுக்குத்தான் தெரியும். அதுவரை முகாமே காவடி கட்டித் தண்ணீர் சுமக்கிறது.

பொய் வெளியே வந்தால் தனியறையில் அடைப்பார்கள். அதைக்கூடத் தாங்குவேன். தண்ணீர் சுமக்கிறவன் ஒவ்வொருவனும் என்னைப் பார்த்து, "லேத்காரா, இன்னிக்கு முடிஞ்சிடுமா?" என்று நம்பிக்கையோடு கேட்கிறான். அதைத் தாங்க முடியவில்லை.

அந்த நூடுல்ஸ் வார்த்தைக்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய். முதலில் மரை போடச் சொல்லிக்கொடு.

உன் முட்டாள் அண்ணன்


ஷென்காங்
அக்டோபர் 13

முட்டாள் அண்ணாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஓட்டினாயா! அம்மா, "என்னடி எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "சாப்பாடு நல்லா இருக்காம்" என்றேன்.

கோபம் தீரவில்லை, ஆனால் தண்ணீர் சுமக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்காகச் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

முதலில் சக்குச் சாவி. இறுக்கி முடித்த உடனே கையில் எடு. சாவி சக்கில் இருக்கும்போது உன் கை அதிலிருந்து விலகவே கூடாது. இது எல்லாவற்றுக்கும் முன்னால்.

டூலை அறுபது டிகிரிக்குத் தீட்டு. படம் வைத்திருக்கிறேன், வெட்டி எடுத்து அச்சாக வைத்துப் பார். அதன் முனை கம்பியின் சரியான நடு உயரத்தில் இருக்க வேண்டும். பழைய ஷாஃப்டில் தேயாத மரை கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். அதில் அளவுகோலை வைத்து, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, பல்சக்கரப் பெட்டியில் அந்த எண்ணுக்கு நெம்புகோலைத் தள்ளு. வண்டியை, அதை நகர்த்தும் நீள ஸ்குரூவோடு கோர்க்கும் கைப்பிடியைக் கண்டபடி அழுத்தியதுதான் நீ செய்த தப்பு. பக்கத்தில் எண் போட்ட ஒரு சின்ன வட்டு சுற்றும், பார்த்திருப்பாய். ஒவ்வொரு தடவையும் அதே எண் கோட்டுக்கு வரும்போது மட்டும் அழுத்து. அப்போதுதான் டூல் போன பாதையிலேயே போகும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கொடு, எண்ணெய் தாராளமாக விடு. நன்றாக வெட்டினால் லேத் ஒரு மாதிரி மூச்சு விடும், கரகரவென்று கத்தாது. அந்தச் சத்தம் காதில் விழும்போது எனக்குப் பசிகூட எடுப்பதில்லை. உனக்கும் ஒருநாள் கேட்கும்.

இனிமேல் தபாலில் நீ வாத்தியாராகவே கேள், நான் மாணவியாகப் பதில் சொல்கிறேன். உன் அதிகாரி படித்து இன்புறட்டும்.

பீஷான்


தீவிலிருந்து
அக்டோபர் 27

மாணவி பீஷானுக்கு,

உன் விடைத்தாள் திருப்திகரமாக இருந்தது. இப்போது ஒரு கற்பனைக் கேள்வி.

ஒரு மாணவன் இருக்கிறான். அறிவு மட்டு, ஆனால் மிகவும் அழகன். அவன் நீ சொன்ன முறைப்படியே, வட்டைப் பார்த்து, எண்ணெய் விட்டு, மரை போடுகிறான். மரை பளபளவென்று வந்துவிடுகிறது. அவன் மகிழ்ச்சியில் குதிக்கிறான். பழைய நட்டை எடுத்து ஏற்றுகிறான். நட்டு இரண்டு சுற்று அருமையாக ஏறுகிறது, அப்புறம் இறுகி நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டான், கெஞ்சினான், கெட்ட வார்த்தையும் சொன்னான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினான். நட்டு தொளதொளவென்று ஆடுகிறதே தவிர மூன்றாவது சுற்றுக்கு ஏற மறுக்கிறது. அந்தக் கம்பியும் போயிற்று. ஏன்?

குறிப்பு: அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மரையின் தூரம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தது. பெட்டியில் அப்படி எண் இல்லாததால் மாணவன் மூன்றில் வைத்தான். பம்பு அமெரிக்காவில் செய்தது.

இன்னொரு குறிப்பு: மாணவனிடம் இப்போது ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது. வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டது, கப்பல் வரவில்லை. சமையல்காரர் முள்ளங்கியைக் கழுவாமல் போடுகிறார். மாணவனின் பட்டறைத் தலைவர் அவனைப் பார்க்கும் பார்வை மாறிக்கொண்டு வருகிறது.

உடனே விடை எழுதவும். கைகூப்பிக் கேட்கிறேன்.

ஆசிரியர் லியாங்


ஷென்காங்
நவம்பர் 9

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரண்டாவது கம்பி என் பாவம். அந்த அழகான மாணவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நம் பட்டறையில் எல்லாமே மில்லிமீட்டர்தான், அங்குல வேலை வந்தால் அப்பா வெளியே அனுப்பிவிடுவார். வேறு ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே நான் மறந்துபோனேன். அமெரிக்கா என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அது அங்குல மரை! ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணிப் பார், முழுசாக எட்டு இருக்கும். நீ போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் முடியளவுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது சேர்ந்துகொண்டே போய் நட்டைப் பிடித்துவிடுகிறது.

கே வாத்தியாரிடம் ஓடினேன். "மில்லிமீட்டர் லேத்துல இஞ்ச் மரை போடணும்னா என்ன பண்ணணும் சார்?" என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "யாராச்சும் கேப்பாங்களான்னு பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன்" என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்தையே விட்டுக்கொடுத்துக் காட்டினார்.

லேத்துக்குப் பின்னாலோ எங்காவது மூலையிலோ ஒரு பெரிய பல்சக்கரம் சும்மா கிடக்கும். பல்லை எண்ணு. நூற்று இருபத்தேழு இருந்தால் அதுதான். அதை எங்கே மாட்டுவது, நெம்புகோல்களை எங்கே வைப்பது எல்லாம் படத்தில் இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று: கைப்பிடியை ஒரு தடவை கோர்த்துவிட்டால், வேலை முடியும்வரை எடுக்கவே கூடாது. இதில் அந்த வட்டு பொய் சொல்லும். ஒவ்வொரு வெட்டும் முடிந்ததும் டூலை வெளியே இழு, மோட்டாரைத் தலைகீழாக ஓட்டு, வண்டி தானாகவே தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரும். பொறுமை வேண்டும். கை அரிக்கும், எடுக்காதே. இரும்பைத் தொடாதே இப்போது. முதலில் விளக்குமாற்றுக் கட்டையை மாட்டி அதில் போட்டு, நட்டு ஏறுகிறதா என்று பார்.

இதையெல்லாம் கல்லூரி லேத்தில் செய்து பார்த்தால் போதாது என்று தோன்றியது. உன்னுடையது நம் வீட்டு லேத்தின் கூடப் பிறந்தது என்றாயே. அதனால் பட்டறை திறப்பதற்கு முன், விடிகிற நேரத்தில், நம் லேத்தில் போட்டுப் பார்த்தேன். பாதியில் திரும்பினால் அப்பா பனியனோடு பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"யாரக் கேட்டு இதத் தொட்ட?"

"தேர்வு வருதுப்பா."

"தேர்வுல இஞ்ச் மரை கேக்கறாங்களா?"

நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் கெட்டுவிடும் என்று வெட்டி முடித்தேன். அப்பா மரையில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார். "எண்ணெயத் தொடச்சு வெச்சுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது கம்பிக்காகக் கடலம்மன் மாட்சுவுக்கு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன்.

மாணவி


தீவிலிருந்து
நவம்பர் 26

பீஷான்! பீஷான்!

ஏறிவிட்டது! நட்டு கடைசிவரைக்கும் ஏறிவிட்டது!

அந்தப் பெரிய பல்சக்கரம் எங்கே கிடைத்தது தெரியுமா? பட்டறை முழுக்கத் தேடினேன், இல்லை. சமையல்கட்டில் கடுகுக்கீரை ஊறுகாய் ஜாடியின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. சமையல்காரர் தர மாட்டேன் என்று சண்டை. அதற்குப் பதிலாக ஒரு பாறாங்கல்லை உருட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பல்லை மூன்று தடவை எண்ணினேன், நூற்று இருபத்தேழு. முகர்ந்து பார்த்தால் ஊறுகாய்.

இரண்டு விளக்குமாறு பலி. மூன்றாவது கட்டையில் நட்டு ஏறியது. அப்புறம் இரும்பு. கைப்பிடியில் கை போகாமல் இருக்க இடது கையைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டேன். போகும், வரும், போகும், வரும். ஒரு கட்டத்தில் நீ சொன்ன அந்தச் சத்தம் கேட்டது. மூச்சு விடுகிற சத்தம். பீஷான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைத்தான் நீ தினமும் கேட்கிறாயா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாயா?

தண்ணீர் மேலே வந்தபோது முகாமே கூத்தாடியது. என்னைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டார்கள், குளிரில் செத்தேன். சார்ஜன்ட் குவாங் கையைக் கொடுத்து, "ஷென்காங்காரன்னா சும்மாவா" என்றார். அந்தப் பாராட்டு என்னுடையது இல்லையே. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொய், புதைத்த கம்பி, கேள்வித்தாள், நீ. உன் கடிதங்களையும் காட்டினேன்.

அவர் உன் படங்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு என்னடா வயசு?"

"பத்தொம்பது சார்."

"லேத்தையே பாக்காம, என்ன தப்பு நடந்துச்சுன்னு அங்க இருந்தே சொல்லியிருக்கா. நீ அவளோட அண்ணனா? நெசமாவா?" என்று கேட்டார். பிறகு, "பொய்க்கு ஒரு மாசம் முள்ளங்கி சீவு. வேலைக்கு ஆறு நாள் லீவு. ரெண்டையும் ஒண்ணா கலக்காதே" என்றார்.

அந்த விடுப்பை ஜனவரியில், சந்திரப் புத்தாண்டுக்கு முன் பட்டறை ஆட்களுக்கு அப்பா கொடுக்கும் ஆண்டுக்கடைசி விருந்துக்கு எடுத்துக்கொள்கிறேன். எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொல்லப்போகிறேன், லேத் உனக்குத்தான் என்று. அந்த நூடுல்ஸை அன்றைக்குத் துப்பிவிடுகிறேன்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

லியாங்


ஷென்காங்
டிசம்பர் 10

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

ஆனால் அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் வாயால் வாங்கிய லேத்தில் நின்றால், வாழ்நாள் முழுக்க நீ கொடுத்த லேத்தாகத்தான் இருக்கும். அப்பா என் வேலையைப் பார்த்துத் தரட்டும். தராவிட்டால் வேறு பட்டறைக்குப் போகிறேன். அழுதுகொண்டேதான் போவேன், ஆனாலும் போவேன்.

அந்த விடியற்காலைக்குப் பிறகு ஒன்று நடந்தது. அமெரிக்க ஆர்டர் என்று வரும் அங்குல மரை வேலையை அப்பா எப்போதும் ஃபெங்யுவானில் வேறு பட்டறைக்குத்தானே அனுப்புவார்? போன வாரம் ஆ-ஹாய் மாமா வழக்கம்போல் பெட்டியைத் தூக்கப் போனார். "இருக்கட்டும் வை" என்றார் அப்பா. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பெட்டி லேத் பக்கத்தில் இருந்தது. மேலே வரைபடம். தினமும் சாயங்காலம் போட்டேன். மாமா வெற்றிலைப் பாக்கை மென்றுகொண்டே வந்து பார்த்துவிட்டு, "அடியே, அளந்து பாக்கவே பயமா இருக்குடி, கண்ணு பட்டுடும்" என்றார். ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வரவில்லை.

அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியாது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. தேர்வில் தேறிச் சான்றிதழைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தால் பேச இடமிருக்காது. அதுதான் என் நம்பிக்கை.

விருந்துக்கு வா. வாயை மூடிக்கொண்டு வா.

பீஷான்


தீவிலிருந்து
ஜனவரி 11, 1992

பீஷான்,

கப்பல் வரவில்லை. இரண்டு தடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். அலை சுவர் மாதிரி நிற்கிறது. விருந்துக்கு வர முடியாது. இந்தக் கடிதத்தை மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிப்போகிற ஹெலிகாப்டரில் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். தேர்வு என்ன ஆயிற்று?

லியாங்


ஷென்காங்
ஜனவரி 21

அண்ணா,

தேர்வில் தோற்றுவிட்டேன்.

எல்லாம் நன்றாக வந்தது. கடைசித் துண்டு ஒரு குழல், அதற்குள் தண்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேரம் ஓடுகிறது என்ற பதற்றத்தில், கடைந்த சூடு ஆறுவதற்கு முன்பே துளையை அளந்தேன். சரியாக இருந்தது. ஆறியதும் சுருங்கிவிட்டது. தேர்வாளர் தண்டை வைத்து அழுத்தினார், போகவில்லை. முதல் வருடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. வாசலில் கே வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். "அடுத்த தடவை" என்றார். வீட்டுக்கு வந்து ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நேற்று விருந்து. எழுந்து வர மனமே இல்லை, அம்மா இழுத்து வந்து உட்கார வைத்தாள். உன் இடத்திலும் கிண்ணமும் குச்சிகளும் வைத்திருந்தாள். அப்பா, மாமா, இரண்டு வேலையாட்கள், நான், அப்புறம் உன் காலி நாற்காலி. முழுக் கோழி வந்தது. கோழித் தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ அவருக்கு வரும் வருடம் வேலை இல்லை. அப்பா எந்த வருடமும் அதைத் தன்னைப் பார்த்துத்தான் வைப்பார், எல்லோரும் பயமில்லாமல் சாப்பிடட்டும் என்று.

நேற்று அப்படி வைக்கவில்லை. தட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

மாமாவைத் தாண்டியது. மனுஷன் மெல்லுவதையே நிறுத்திவிட்டார். வேலையாட்களைத் தாண்டியது. என் பக்கம் வந்தது. தோற்றவளுக்கு இதுதான் கூலி, எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தட்டு என்னையும் தாண்டியது. உன் காலி நாற்காலிக்கு நேராகப் போய் நின்றது.

அம்மா அலறிவிட்டாள். "ஐயோ! நல்ல நாளும் அதுவுமா பெத்த புள்ளையப் பாத்து வைக்கறீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு?"

அப்பா குச்சியால் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார். "அவன லேத்துல இருந்து எடுத்தாச்சு. இஞ்ச் மரை போடற ஆளு வீட்லயே இருக்கு. அவன் வந்தா மேசைல உக்காரட்டும். நம்ம கணக்கு நாறிக் கெடக்கு."

"அப்பா, நான் தோத்துட்டேன்ப்பா" என்றேன்.

"தெரியும். இனிமே ஆறவிட்டு அள. சாப்புடு."

நான் சாப்பிடவில்லை அண்ணா. கோழியைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமா என் முதுகில் ஓங்கித் தட்டினார். இன்னும் வலிக்கிறது.

நீ ஒன்றும் சொல்லவில்லையே? சத்தியமாக?

பீஷான்


தீவிலிருந்து
பிப்ரவரி 6

பீஷான்,

சத்தியமாக நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்பா தானாகவே பார்த்திருக்கிறார்.

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தட்டு உன் பக்கம் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது, சார்ஜன்ட் பிடுங்கி மீதியைப் படித்தார். படித்து முடித்ததும் நான் போட்ட கூச்சலில் சமையல்காரர் முள்ளங்கியோடு ஓடி வந்தார். "வேல போனதுக்கு இப்படிக் குதிக்கறவன நான் பாத்ததே இல்லடா" என்றார் சார்ஜன்ட். ஒருநாள்கூடச் செய்யாத வேலையிலிருந்து நீக்கப்பட்டவனும் நானாகத்தான் இருப்பேன். பிறகு எல்லோருமாக உனக்காகச் சோளச் சாராயம் குடித்தார்கள், எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.

பம்புக்கு இன்னும் இரண்டு மாற்று ஷாஃப்ட் கடைந்து வைக்கச் சொல்லியிருக்கிறார் சார்ஜன்ட். சந்தேகம் வந்தால் உன்னையே கேட்கச் சொல்லிவிட்டார், இனிமேல் வாத்தியார் வேஷம் வேண்டியதில்லை. தேர்வை மறுபடி எழுது. தோற்றாலும் மறுபடி எழுது.

அப்பாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் சொல். கணக்கு மேசை இப்போது தெருவைப் பார்த்துக் கிடக்கிறது. நான் வருவதற்குள் அதை லேத் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல். நீ வேலை செய்வதை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

லியாங்